குழாய்க்கும் வாய்க்கும் நடுவே

மூன்றாம் வகுப்பில் இரண்டு கண்ணாடி டம்ளர்களில் தண்ணீர் வைத்து, "இதில் எதைக் குடிக்கலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒன்று லேசான செம்மண் நிறம். ஏரித் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவைத்து ஆற்றியது. மற்றது பளிங்கு, வகுப்பு மூலையில் இருக்கும் அண்டாவில் டம்ளரை முக்கி எடுத்தது. மொத்த வகுப்பும் பளிங்கைத்தான் காட்டும். (யாரையும் குடிக்க விடவேண்டாம், கேள்வி மட்டும் போதும்.)

தண்ணீரையும் சுகாதாரத்தையும் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவதில் உள்ள சிக்கல் இதுதான். கண்ணுக்குத் தெரியும் அழுக்கைக் கண்டு ஒதுங்க எந்தப் பிள்ளைக்கும் பாடம் வேண்டாம். தெரியாததை நம்பவைப்பதுதான் பாடு. "கையில் கிருமி இருக்கிறது" என்றால் தலையாட்டும். சுவரொட்டியில் கொம்பும் பல்லும் வைத்த பச்சைப் பூதமாகக் கிருமியை வரைந்து மாட்டினால், தன் கையைத் திருப்பிப் பார்த்து, அப்படி எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளும்.

நம் மரபிலேயே தெளிவையும் தூய்மையையும் ஒன்றாகப் பார்க்கும் வழக்கம் உண்டு. பானையின் உட்புறம் தேற்றாங்கொட்டையைத் தேய்த்துக் கலங்கல் தண்ணீரைத் தெளியவைப்பது சங்கப் பாட்டில் உவமையாக வரும் அளவுக்குப் பழையது. அது வேலை செய்கிறது என்பதும் உண்மை. மண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கனமாகி அடியில் படியும்; அவற்றோடு கிருமிகளில் ஒரு பங்கும் போகும். மீதி மேலே நிற்கும். தெளிய வைப்பது ஒரு வேலை, கிருமி நீக்குவது இன்னொரு வேலை. முதல் வேலையைச் செய்யாமல் இரண்டாவதைச் செய்தால் குளோரின் சேற்றோடேயே மல்லுக்கட்டித் தீர்ந்துபோகும். முதலாவதோடு நிறுத்திவிட்டால் பளிங்கு டம்ளரில் வயிற்றுப்போக்கு.

ஊராட்சிப் பள்ளி ஒன்றில் ஒரு வாளித் தண்ணீர் போகும் பாதையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடந்தாலே பாடத்தில் பெரும்பகுதி முடிந்துவிடும்: மேல்நிலைத் தொட்டி, குழாய், அண்டா, டம்ளர், கை, கழிப்பறை, மறுபடி நிலத்தடி.

தொட்டியடியில்

தொட்டித் தூணில் பல ஊர்களில் 'சுத்தம் செய்த நாள், அடுத்துச் சுத்தம் செய்யும் நாள்' என்று பெயிண்டில் எழுதியிருக்கும். முதல் பாடம் அதைப் படிப்பது. தேதி எத்தனை மாதம் பழையது என்று கணக்குப் போடச் சொல்லுங்கள். அடுத்து, தொட்டியின் கொள்ளளவு. நல்ல பிளீச்சிங் பவுடர் என்றால் 1,000 லிட்டருக்கு சுமார் 2.5 கிராம் என்பது பாடநூல் அளவு. 10,000 லிட்டர் தொட்டிக்கு 25 கிராம், 30,000 லிட்டருக்கு 75 கிராம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை மனக்கணக்கில் சொல்லிவிடும்.

'நல்ல' என்ற சொல்லில்தான் விஷயம். புதிய பவுடரில் மூன்றில் ஒரு பங்கு குளோரின் இருக்கும். வாய்திறந்த மூட்டையில், வெயில்படும் அறையில், இரண்டு மழைக்காலம் கிடந்த பவுடரில் பெரும்பாலும் சுண்ணாம்புதான் மிச்சம். எடை சரியாக இருக்கும், வேலை நடக்காது. எனவே போட்ட அளவை விட்டுவிட்டு மிஞ்சிய அளவைத்தான் பார்க்கவேண்டும். கலந்து அரைமணி நேரமாவது கழித்து, கடைசித் தெருக் குழாயில் பிடித்த தண்ணீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சவேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர் அளவுகோலும் அதையே சொல்கிறது. சோதனைக் குழாயில் மருந்து விட்டு, வரும் நிறத்தை அட்டையோடு ஒப்பிடும் வேலையைப் பிள்ளைகள் ஆசையாகச் செய்வார்கள். பழைய ஆர்த்தோடாலிடின் மருந்தில் மஞ்சள் வரும், டிபிடி மாத்திரையில் இளஞ்சிவப்பு. இரண்டும் கிடைத்தால் டிபிடியையே வாங்குங்கள். முந்தையது கையாள நல்ல சரக்கு அல்ல.

பவுடரைக் கலக்குவது பெரியவர் வேலை. பிள்ளைகள் தள்ளி நின்று பார்க்கட்டும். வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாகக் குழைத்து, பிறகு வாளியை நிரப்பிக் கலக்கி, பத்து நிமிடம் சுண்ணாம்பு படியவிட்டு, மேலே தெளிந்ததை மட்டும் தொட்டியில் ஊற்றுவார்கள். அடிக்கசடோடு ஊற்றினால் வால்வு அடைத்துக்கொள்ளும். கழிப்பறை கழுவும் ஆசிட் இருக்கும் அலமாரியில் இந்தப் பவுடரை வைக்கக்கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய அறையில் அது உயிருக்கே ஆபத்து.

நான்கு குப்பிகள்

கண்ணுக்குத் தெரியாததைக் காட்டக் கையில் இருக்கும் ஒரே மலிவான வழி ஹைட்ரஜன் சல்பைடு குப்பி. 1982-இல் மஞ்சா உள்ளிட்ட மூன்று இந்திய அறிவியலாளர்கள் இந்த எளிய சோதனையை வெளியிட்டார்கள். அதன்பின் எத்தனையோ நாடுகளுக்குப் போய்விட்டது. மலத்தோடு வரும் பாக்டீரியாக்கள் பல ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்கும், அது குப்பியில் உள்ள இரும்போடு சேர்ந்து கறுக்கும். அவ்வளவுதான் தத்துவம். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊராட்சிகளுக்குத் தரும் களச்சோதனைப் பெட்டியில் இந்தக் குப்பிகளும் இருக்கும். ஊராட்சி அலுவலகத்தில் பெட்டியே பிரிக்கப்படாமல் இருக்க வாய்ப்புண்டு, கேட்டுப் பாருங்கள். காலாவதித் தேதியையும் பாருங்கள்.

நான்கு குப்பி வேண்டும். முதலாவதில் குழாயிலிருந்து நேராகப் பிடித்த தண்ணீர். இரண்டாவதில் காலையில் நிரப்பிய அண்டாத் தண்ணீர், யாரும் மொள்ளும் முன். மூன்றாவதில் அதே அண்டா, மதியச் சாப்பாடு முடிந்தபின். நான்காவதில் ஒரு நிமிடம் கொதித்து, மூடியே ஆறிய தண்ணீர்.

நான்காவதைச் செலவு என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அதை விட்டால் சோதனைக்கே பொருளில்லை. கொதித்த தண்ணீர்க் குப்பியும் கறுத்தால் நம் கைதான் அழுக்கு என்று அர்த்தம். நான்கையும் கொட்டிவிட்டு மறுபடி தொடங்கவேண்டும். "நாம் செய்ததே தப்பாக இருக்கலாம், அதைக் கண்டுபிடிக்கவும் ஒரு குப்பி வைக்கிறோம்" என்பதைப் பிள்ளை பத்து வயதில் கற்றுக்கொண்டால், அறிவியல் பாடத்தில் அதைவிடப் பெரிதாகக் கற்க அதிகம் இல்லை.

செய்முறையில் தவறு நடக்கும் இடங்கள் மூன்று. குழாய் வாயை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, இரண்டு நிமிடம் தண்ணீரை ஓடவிட்டுத்தான் பிடிக்கவேண்டும். குப்பியின் உள்ளே மருந்து தடவியிருக்கும். "சுத்தமாக இருக்கட்டும்" என்று ஒரு முறை அலசினால் மருந்தே போய்விடும். மூடியின் உட்புறத்தில் விரல் படக்கூடாது. கோடு வரை நிரப்பி, மூடி, சில நிமிடம் விட்டுக் குலுக்கி, இருட்டான அலமாரியில் வைத்துவிட்டு 24 மணி நேரத்திலும் 48 மணி நேரத்திலும் பாருங்கள். சமவெளியில் அறைச் சூடே போதும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் மார்கழியில் கிருமி சோம்பிக் கிடக்கும். அங்கே கம்பளியில் சுற்றி, இன்னும் ஒரு நாள் கூட்டிப் பார்ப்பது நல்லது.

குளோரின் மிச்சம் உள்ள தண்ணீரில் அதைச் செயலிழக்கவைக்கும் மருந்து குப்பியில் இல்லாவிட்டால், குப்பிக்குள்ளேயே கிருமி செத்துப் பொய் நிம்மதி தரலாம். கந்தகம் அதிகமுள்ள ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் மலக்கலப்பே இல்லாமலும் கறுக்கலாம். கறுக்காத குப்பி, தண்ணீரில் ஃபுளோரைடோ நைட்ரேட்டோ இல்லை என்றும் சொல்வதில்லை.

குளோரின் ஒழுங்காகக் கலக்கும் ஊரில் பெரும்பாலும் முதல் குப்பியும் நான்காவதும் அப்படியே நிற்கும், மூன்றாவது கறுக்கும். கருமை அடியில் தொடங்கி மேலே ஏறும். வகுப்பு அதைச் சுற்றி நிற்கும்போது ஆசிரியர் பேசத் தேவையில்லை. ஏதாவது ஒரு பிள்ளை கேட்கும்: "டீச்சர், குழாயில வந்தப்ப நல்லாத்தானே இருந்துச்சு?"

வீட்டுத் தண்ணீரையும் கொண்டுவரச் சொல்லலாம். ஆனால் குப்பியில் பெயர் எழுதாதீர்கள், எண் மட்டும். யார் வீட்டுக் குடம் கறுத்தது என்று வகுப்புக்குத் தெரிந்தால் அந்தப் பிள்ளைக்கு மிஞ்சுவது அவமானம்தான். தெருக்குழாயில் மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும் வீட்டில் சேமிப்புத் தண்ணீர் கறுப்பது அம்மாவின் குற்றமில்லை.

எச்சில் பார்க்கும் நாம்

மூன்றாவது குப்பியைக் கறுக்கவைத்தது டம்ளரை முக்கிய விரல். நமக்கு எச்சில் பார்க்க நன்றாகத் தெரியும்: டம்ளரை உதட்டில் படாமல் அண்ணாந்து குடிப்போம், உதட்டைப் படவைத்தவனை முறைப்போம். அதே டம்ளரை அண்டாவுக்குள் முக்கும்போது நான்கு விரலும் தண்ணீரில் நனைவதை யாரும் பார்ப்பதில்லை.

அண்டாவுக்குப் பதில் குழாய் வைத்த டிரம்மோ பானையோ வைத்தால் சிக்கல் பெருமளவு தீர்ந்தது. பள்ளிக்கு என்றால் 20 லிட்டர் டிரம், இறுக்கமான மூடி. குழாயின் வாய் தரையிலிருந்து 60 முதல் 75 சென்டிமீட்டர் உயரத்தில், ஒன்றாம் வகுப்புக்கு எட்டும்படி. அதற்குக் கீழே டம்ளர் நிற்க இடம். டிரம்மின் குழாய் அடியிலிருந்து இரண்டு விரல்கடை மேலே இருக்கும்; அதற்குக் கீழே எப்போதும் கொஞ்சம் பழைய தண்ணீர் தேங்கும். அதனால்தான் இரண்டு நாளுக்கு ஒருமுறை கவிழ்த்து, உள்ளே பிரஷ் போட்டுத் தேய்க்கவேண்டும். விரலால் தடவி வழுக்கினால் பாசிப்படலம் கட்டியிருக்கிறது. வாஷர் தேய்ந்து குழாய் சொட்டத் தொடங்கினால் ஒரு வாரத்தில் யாராவது மூடியைத் திறந்து டம்ளரை முக்கத் தொடங்குவார்கள். இரண்டு வாஷர் எப்போதும் மேசையில் இருக்கட்டும். டிரம் வாங்க வழியில்லையென்றால் நீண்ட கைப்பிடிக் கரண்டி ஒன்று, அதைத் தொங்கவிட ஒரு ஆணி. கரண்டியைத் தரையிலோ மூடியின் மேலோ வைத்தால் பழைய கதைதான்.

மிளகுத்தூள் ஓடுவது எதனால்?

கை கழுவும் பாடத்தில் எங்கும் செய்துகாட்டுவது மிளகுத்தூள் வித்தை. தட்டுத் தண்ணீரில் மிளகுத்தூள் தூவி, சோப்பு தொட்ட விரலை வைத்தால் தூள் ஓரத்துக்கு ஓடும். "பார், சோப்பைக் கண்டால் கிருமி பயந்து ஓடுகிறது!" என்பார்கள். தூள் ஓடுவது தண்ணீரின் பரப்பு இழுவிசை குறைவதால். கிருமி எதற்கும் பயப்படாது, தட்டில் மிதந்துகொண்டிருப்பதும் இல்லை. கையின் எண்ணெய்ப் பசையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்த வித்தையைப் பார்த்த பிள்ளை சோப்பை ஒரு விரலால் தொட்டுவிட்டுப் போகும். பாடம் அதைத்தானே காட்டியது? ரொட்டித்துண்டைப் பையில் போட்டுப் பூஞ்சை பார்ப்பதும் அப்படியே. கடை ரொட்டியில் பூஞ்சைத் தடுப்பான் இருக்கும், நாள்கணக்கில் ஒன்றும் வராது. வந்தாலும் அது வயிற்றுப்போக்குக் கிருமி அல்ல.

இதற்கு மாற்றாக அரை டீஸ்பூன் தேங்காய் எண்ணெய், ஒரு சிட்டிகை அடுப்புக்கரித்தூள். நான்கு பிள்ளைகளின் உள்ளங்கையில் விட்டு, கைமுழுக்கத் தேய்க்கச் சொல்லுங்கள். முதல் பிள்ளை கையை வாளியில் முக்கி எடுக்கட்டும். இரண்டாவது வெறும் தண்ணீரில் தேய்க்கட்டும். மூன்றாவது சோப்புப் போட்டு ஐந்து நொடி, நான்காவது சோப்புப் போட்டு இருபது நொடி. பின் ஆளுக்கொரு வெள்ளைத் துணித்துண்டில் அழுத்தித் துடைத்து, நான்கு துணியையும் கொடியில் கிளிப் போட்டு மாட்டுங்கள். முதல் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமே இராது. எண்ணெய்ப் பசையைத் தண்ணீரால் இழுக்கமுடியாது. சோப்பின் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறுமுனை தண்ணீரைப் பிடிக்கும். கிருமி சாவதைவிடக் கழன்று போவதே இங்கே பெரிய வேலை. சேறோ எண்ணெயோ பூசிய கையில் சானிடைசர் ஏன் சரியாக வேலை செய்யாது என்பதும் இதிலேயே புரிந்துவிடும்.

பிறகு நான்காவது பிள்ளையின் கையை உற்றுப் பாருங்கள். கட்டைவிரல் அடிப்பகுதியில் ஒரு வளையம், நகக்கண்ணில் கோடு, விரலிடுக்கில் நிழல். வலக்கைப் பழக்கமுள்ளவர்களுக்குப் பல நேரம் வலது கட்டைவிரல்தான் விடுபட்டிருக்கும். சோறு பிசையும் கை அதுதான். இருபது நொடியை எண்ண இரண்டாம் வாய்ப்பாடு போதும். "ஓரிரண்டு இரண்டு, ஈரிரண்டு நாலு" என்று நிதானமாகப் பத்து வரை சொன்னால் ஏறத்தாழ அவ்வளவு நேரம்.

இவ்வளவும் செய்தபிறகும் பிள்ளைகள் கை கழுவாவிட்டால், காரணத்தைக் குழாயடியில் தேடுங்கள். 120 பிள்ளைகள், இரண்டு குழாய், ஆளுக்கு 30 நொடி. ஒரு குழாய்க்கு 60 பேர் என்றால் 30 நிமிடம். சாப்பாட்டு இடைவேளையே 40 நிமிடம்தான். இதில் சோற்றுக்கு முன் கை கழுவு என்பது நடக்காத காரியம். 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்துக்குப் பிறகு பல பள்ளிகளில் ஒரே நாளில் இரண்டுமுறை இந்தக் கூட்டம்.

தீர்வு, துளையிட்ட குழாய். பத்தடி நீள ஒரு அங்குல பிவிசி, அடிக்கு ஒன்றாக 3 மில்லிமீட்டர் துளை பத்து, ஒரு முனையில் வால்வு, மறுமுனையில் திருகித் திறக்கும் மூடி. மூடியை ஒட்டிவிடாதீர்கள், மாதம் ஒருமுறை திறந்து கசடை அடித்து வெளியேற்ற அதுதான் வழி. துளை பெரிதானால் முதலில் நிற்பவனுக்குப் பீய்ச்சும், கடைசியில் நிற்பவளுக்குச் சொட்டும். தொட்டி ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால் ஒரு துளையில் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் வரும். நனைக்க ஐந்து நொடி திற, மூடு. வாய்ப்பாடு சொல்லித் தேய். அலசப் பத்து நொடி திற. ஒரு பிள்ளைக்கு அரை லிட்டரும் ஆகாது. பத்துப் பத்துப் பேராகப் பன்னிரண்டு அணி, அணிக்கு முக்கால் நிமிடம், மொத்தம் ஒன்பது நிமிடம். வால்வைத் திறந்து மூடும் பொறுப்பைப் பிள்ளைகளிடமே முறைவைத்துக் கொடுங்கள், அந்தப் பதவிக்கு அடிதடி நடக்கும்.

குழாயே இல்லாத இடத்தில் ஐந்து லிட்டர் எண்ணெய் கேன். வாயிலிருந்து அரைச் சாண் கீழே சுட்ட ஆணியால் ஒரு துளை, இரண்டு கவைக்கம்பு, குறுக்கே ஒரு கம்பு. கேனின் கழுத்திலிருந்து கயிறு இறங்கித் தரையில் ஒரு மிதிகட்டை. மிதித்தால் கேன் சாய்ந்து தண்ணீர் வரும், அழுக்குக் கை எதையும் தொடாது. மிதிகட்டையின் மறுமுனையைத் தரையோடு கட்டிவிடாதீர்கள், யாராவது ஏறி நின்றால் மொத்தமும் சரியும். சோப்பைத் திறந்து வைத்தால் காக்காய் தூக்கிக்கொண்டு போகும். இது வேடிக்கைப் பேச்சில்லை, கொழுப்புக்கு அது அப்படி அலையும். வெங்காய வலையில் போட்டுக் கட்டித் தொங்கவிடுங்கள். வலை தேய்க்கவும் உதவும்.

வடிகட்டியும் மீட்டரும்

அறிவியல் கண்காட்சியில் தவறாமல் ஒரு மேசையில் இருக்கும்: வெட்டிய பாட்டில், கூழாங்கல், மணல், கரி. மேலே சேறு ஊற்றினால் கீழே தெளிவு. செய்த பிள்ளை பெருமையாக ஒரு வாய் குடித்தும் காட்டும். அந்தக் கணமே நிறுத்துங்கள். பெரிய மணல் வடிகட்டிகளில் கிருமியைப் பிடிப்பது மணலின் மேற்பரப்பில் வாரக்கணக்கில் வளரும் ஒரு வழவழப்பான உயிர்ப்படலம். நேற்றுச் செய்த பாட்டிலில் அது இருக்காது. வடிந்த தண்ணீரில் ஒரு குப்பி போட்டுக் கண்காட்சியின் இரண்டாம் நாள் காட்டுங்கள். கறுத்துத்தான் இருக்கும், அந்த மேசைக்கே பரிசு கொடுக்கலாம்.

டிடிஎஸ் மீட்டர் இப்போது வீட்டுக்கு வீடு இருக்கிறது. கரைந்த உப்பை அளக்கும் கருவி அது. இந்திய அளவுகோலில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாதபோது 2,000 வரை. கிருமி பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. சுத்திகரிப்பான் விற்பவர்கள் இரண்டு டம்ளரில் கம்பி விட்டு மின்சாரம் பாய்ச்சி, குழாய்த் தண்ணீர் பழுப்பாவதைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். அதைப் பள்ளியிலேயே செய்து உடைக்கலாம். வீட்டு மின்சாரம் வேண்டாம். 9 வோல்ட் பேட்டரி, இரண்டு இரும்பு ஆணி, ஜன்னலோர மேசை. குழாய்த் தண்ணீரில் கொஞ்ச நேரத்தில் பழுப்பு கிளம்பும். கேன் தண்ணீரில் பெரிதாக ஒன்றுமில்லை. இப்போது கேன் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்புப் போடுங்கள். அதுவும் பழுக்கும். ஆணியின் துருவைத்தான் அழுக்கு என்று காட்டியிருக்கிறார்கள்.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இன்னொரு எச்சரிக்கை. அங்கே நிலத்தடி நீரில் ஃபுளோரைடு. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரியைக் கொண்டுவந்தது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஏற்கத்தக்க அளவு, 1.5 உச்சவரம்பு. கொதிக்கவைத்தால் ஆவி போகும், ஃபுளோரைடு தங்கும். அளவு கூடத்தான் செய்யும். பல் உருவாகும் வயதில் இந்தத் தண்ணீரைக் குடித்த பிள்ளையின் பல்லில் பழுப்புக் கறை விழும், எவ்வளவு தேய்த்தாலும் போகாது. சுகாதாரப் பாடம் நடத்தும் ஆசிரியர் அந்தப் பிள்ளையை எழுப்பி நிறுத்தி "ஒழுங்காகப் பல் தேய்" என்று சொல்வதைவிடக் கொடுமை வேறில்லை.

இருபத்தைந்து காலடி

1854-இல் லண்டன் சோஹோ பகுதியில் காலரா வந்தபோது மருத்துவர் ஜான் ஸ்நோ சாவுகளைக் கணக்கெடுத்து, பிராட் தெரு அடிபம்பைச் சுற்றி அவை குவிந்திருப்பதைக் காட்டினார். பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். அந்தச் சாவுகளைப் பின்னர் வரைபடத்திலும் குறித்தார். ராபர்ட் கோக் காலராக் கிருமியை அடையாளம் கண்டு, 1884-இல் கல்கத்தாவில் அதை உறுதிசெய்தது முப்பது ஆண்டு கழித்து. கிருமியைப் பார்க்காமலே கணக்கால் பிடித்தது எப்படி என்று சொல்லிவிட்டு, ஊர் வரைபடம் ஒன்றைப் பிள்ளைகளிடம் கொடுங்கள்: கிணறு, அடிபம்பு, ஆழ்துளைக் கிணறு, கழிப்பறைக் குழி, மாட்டுக்கொட்டில், சாக்கடை.

கிணற்றுக்கும் கழிப்பறைக் குழிக்கும் 15 மீட்டராவது இடைவெளி வேண்டும் என்பது பொது விதி. பிள்ளைகள் முதலில் பத்து எட்டு நடந்து நாடாவால் அளக்கட்டும். ஐந்தாம் வகுப்புக்கு ஓர் எட்டு சுமார் 60 சென்டிமீட்டர் வந்தால், 25 எட்டு. குழி மேட்டிலும் கிணறு பள்ளத்திலும் இருந்தால் 25 போதாது. அடிபம்பு மேடையில் விரிசல், கழிவுநீர் தேங்கும் குட்டை, பக்கத்தில் மாடு கட்டும் முளை: மூன்றுக்கும் ஆம், இல்லை என்று குறித்தால் போதும். பட்டியலை ஊராட்சிக்குக் கொடுக்கும்போது வீட்டுக்காரர் பெயர் வேண்டாம், இடக்குறி மட்டும்.

இந்த வரைபடம் சாதியையும் காட்டிவிடும். எந்தத் தெருவுக்குக் கடைசிக் குழாய், எந்தத் தெருவின் ஓரத்தில் சாக்கடை முடிகிறது என்று. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது, பிள்ளைகளுக்கு உடம்பு சரியில்லாமல் போன பிறகுதான் தெரிந்தது. தமிழ்நாட்டில் தண்ணீர்ப் பாடம் நடத்துகிறவர் இதைத் தெரியாததுபோல் கடக்கமுடியாது. பள்ளியில் அதற்கு இரண்டு நடைமுறை: கழிப்பறை கழுவும் வேலையை எந்தப் பிள்ளையிடமும் தரக்கூடாது, குடிநீர் ஊற்றும் முறை எல்லாப் பிள்ளைக்கும் வரவேண்டும், பதிவேட்டு வரிசைப்படி, யாரையும் தாண்டாமல்.

கொசுவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டெங்கு கொசு சாக்கடையைத் தேடாது, நல்ல தண்ணீரில் முட்டையிடும். கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல் குழி, டயர், கொட்டாங்கச்சி, ஃபிரிட்ஜின் பின்தட்டு. முட்டையிலிருந்து கொசுவாக ஏழெட்டு நாள் முதல் பத்து நாள். எனவே வாரம் ஒருநாள் எல்லாவற்றையும் கவிழ்க்கவேண்டும். கவிழ்த்தால் மட்டும் போதாது, உட்சுவரைத் தேய்க்கவும் வேண்டும். ஒட்டியிருக்கும் முட்டை காய்ந்தே மாதக்கணக்கில் காத்திருக்கும். ஆட்டுக்கல் புழுவைப் பாட்டிலில் பிடித்து, வலைத்துணியை ரப்பர்பேண்டால் இறுகக் கட்டி வகுப்பில் வையுங்கள். நான்கைந்து நாளில் உள்ளே கொசு பறக்கும். பார்த்தபின் சோப்புத் தண்ணீரை ஊற்றிக் கொன்றுவிடவேண்டும். கை கழுவும் குழாயின் வடிகால் தேங்கினால் நாமே கொசு வளர்க்கிறோம். ஒரு மீட்டர் ஆழக் குழியில் உடைகல் நிரப்பி விடுங்கள், இல்லாவிட்டால் வாழைப்பாத்திக்கு வாய்க்கால் வெட்டுங்கள்.

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். ஒன்றரை மாதம் குழாயிலும் சின்டெக்ஸ் தொட்டியிலும் வெயிலில் நின்ற தண்ணீர். குளோரின் எப்போதோ பறந்துபோயிருக்கும், மூடி விலகியிருந்தால் பல்லியும் விழுந்திருக்கும். திறப்பதற்கு மூன்று நாள் முன்பே தொட்டியை வடித்து, தேய்த்து, நிரப்பி, குளோரின் கலந்து, அரைமணி கழித்து ஒவ்வொரு குழாயையும் தனித்தனியாகத் திறந்து, பழுப்பு நின்று குளோரின் வாசம் வரும்வரை ஓடவிடுங்கள். அந்தத் தண்ணீர் வாழைக்குப் போகவேண்டாம், வாசலில் தெளித்துவிடலாம். மிச்சக் குளோரினையும் அன்றே பாருங்கள். மறுநாள் குப்பிச் சோதனை. பள்ளி திறக்கும் காலையில் 48 மணி நேரம் ஆகியிருக்கும். பிள்ளைகள் வந்து பார்த்தபின் குப்பிகளில் பிளீச்சிங் கரைசல் ஊற்றி, அரைமணி விட்டு, கழிப்பறைக் கோப்பையில் கொட்டுங்கள். கறுத்த குப்பியின் மூடியைப் பிள்ளைகள் திறக்கக்கூடாது. அதற்குள் இருப்பது குழாயில் வந்ததைப்போல் பல மடங்கு பெருகிய கூட்டம்.